நெகட்டிவ் குழியும் மஞ்சளாகிறதா? சின்னம்மை வைரஸ் புரதங்கள் மக்கர் செய்யும்போது

சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ்: வேரிசெல்லா ஸோஸ்டர், ஆய்வகப் பேச்சில் விஇசட்வி. அதன் மறுசேர்க்கைப் புரதங்களோடு (வைரஸ் மரபணுவை வேறு செல்லில் வைத்துச் செய்தெடுத்தவை) வேலை செய்கிறவர்கள் யாரிடம் பேசினாலும் புகார்கள் ஒரே மாதிரி இருக்கும். ஜெல்லில் பேண்ட் (எடைவாரியாகப் பிரிந்து புரதம் நிற்கும் பட்டை) எதிர்பார்த்த இடத்தில் இல்லை. நெகட்டிவ் சீரம் (இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாத ரத்தநீர்) பாசிட்டிவ் காட்டுகிறது. போன மாதம் நன்றாக இருந்த குப்பி இந்த மாதம் செத்துக் கிடக்கிறது. சந்தேகம் முதலில் நம் கைமேல் விழும், அப்புறம் புரதத்தை விற்ற கம்பெனிமேல். பல நேரம் இருவருமே நிரபராதிகள். வைரஸுக்குள் இந்தப் புரதங்களுக்கென்று ஒரு பிழைப்பு இருக்கிறது: ஒன்று ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும், ஒன்று துணையில்லாமல் மடியாது, ஒன்று செல்லிலேயே இரண்டாக வெட்டுப்படும். எலைசா பிளேட்டில் (குழிகளில் புரதம் பூசிய தட்டு; சீரத்தில் அதற்கான ஆன்டிபாடி இருந்தால் குழி மஞ்சளாகும்) ஒட்டிவைத்த பிறகும் அந்தக் குணங்களில் பல அப்படியே தங்கிவிடுகின்றன.

கீழே உள்ளவை அறிகுறிவாரியாக இருக்கின்றன. உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: லேபிளைப் படியுங்கள்

நான்கு கேள்விகள். எந்தப் புரதம்? அதில் எந்தத் துண்டு? எந்தச் செல்லில் செய்தது? குப்பிக்குள் வேறு என்ன இருக்கிறது?

இந்த வைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 1,25,000 காரஇணைகள் கொண்டது; ஏறத்தாழ 70 மரபணுக்கள். ஆராய்ச்சியில் அதிகம் புழங்குவது கிளைக்கோபுரதம்-இ, சுருக்கமாக ஜி-இ. 68ஆம் எண் மரபணுவின் விளைபொருள், முழு நீளம் 623 அமினோ அமிலம். வைரஸ் தொற்றிய செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக இருப்பதும் இதுதான். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் அக்கித் தடுப்பூசியில் இருக்கும் ஒரே வைரஸ் பொருளும் இதுவே: சவ்வில் பதியும் வாலை நறுக்கிவிட்டு, சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் (சிஎச்ஓ) வளர்த்தெடுத்த ஜி-இ, ஒரு டோஸுக்கு 50 மைக்ரோகிராம்.

ஆனால் சந்தையில் 'ஜி-இ' என்று ஒட்டி விற்கும் எல்லாக் குப்பியிலும் இது இருக்காது. ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த நூற்றுச் சொச்சம் அமினோ அமிலத் துண்டும் அதே பெயரில்தான் வருகிறது. அதில் சர்க்கரைச் சங்கிலி கிடையாது, சரியான மடிப்பும் பெரும்பாலும் கிடையாது. சில வேலைகளுக்கு அதுவே போதும். எந்த வேலைக்குப் போதும், எதற்குப் போதாது என்பதுதான் கீழே வரும் பாதிக் கதை.

பெயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1980களின் கட்டுரைகளில் இந்தக் கிளைக்கோபுரதங்களுக்கு ரோமன் எண்கள்தான் பெயர். ஒன்றாம் எண் இன்றைய ஜி-இ. இரண்டு ஜி-பி, மூன்று ஜி-எச், நான்கு ஜி-ஐ, ஐந்து ஜி-சி. ரோமன் ஒன்றும் ஆங்கில 'ஐ' எழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் அல்லவா? பழைய கட்டுரையைப் பார்த்து நான் ஒருமுறை ஜி-இ வேண்டிய இடத்தில் ஜி-ஐ வரவழைத்துவிட்டேன். குப்பி வந்து, பிளேட் போட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. பழைய கட்டுரையைப் பின்பற்றினால் பெயரை விட்டுவிட்டு மரபணு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஜி-இ 68, ஜி-ஐ 67, ஜி-எல் 60, ஜி-எச் 37, ஜி-பி 31.

அறிகுறி: ஜெல்லில் பேண்ட் கணக்குக்கு மேலே நிற்கிறது

வரிசையை வைத்துக் கணக்கிட்டால் முழு ஜி-இ ஏறத்தாழ 70 கிலோடால்டன். தொற்றிய செல்லிலிருந்து எடுத்துப் பார்த்தால் 90ஐத் தாண்டி ஓடும். கூடுதல் எடை சர்க்கரையுடையது. பாலூட்டிச் செல்லில் செய்த புரதமாக இருந்தால் பேண்ட் மேலே நிற்பதோடு இழுபட்டு மங்கலாகவும் இருக்கும். ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை கொஞ்சம் கூடக் குறைய ஏறியிருப்பதால் அப்படி. புரதம் சிதைந்துவிட்டது என்று பயந்து குப்பியைக் கொட்டவேண்டாம்.

உறுதி செய்ய பிஎன்ஜேஸ்-எஃப் நொதியால் சர்க்கரையைக் கழற்றிப் பாருங்கள். பேண்ட் கீழே இறங்கி ஒடுங்கினால் சரி. இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் சோப்புப் பொருள்) போட்டுக் கொதிக்கவைத்த மாதிரியில் நேராக நொதியைச் சேர்த்தால் எஸ்டிஎஸ் நொதியையே முடக்கிவிடும். என்பி-40 என்ற மென்மையான சோப்பைச் சேர்த்த பிறகுதான் நொதி. இரண்டு, நொதியும் ஒரு புரதம்தான், 36 கிலோடால்டன் அருகில் தனிப் பேண்டாகத் தெரியும். அதைத் தன் புரதத்தின் உடைந்த துண்டு என்று நினைத்து வாரக்கணக்கில் புரோட்டியேஸ் தடுப்பான் மாற்றி மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நொதி மட்டும் போட்ட ஒரு லேன் (ஜெல்லில் ஒரு வரிசை) வைத்தால் தீர்ந்தது. மூன்று, இந்த நொதி நைட்ரஜன் வழி ஒட்டிய சர்க்கரையைத்தான் கழற்றும். ஜி-இ-யில் ஆக்சிஜன் வழி ஒட்டியதும் உண்டு, அது அப்படியே இருக்கும். ஆகவே கழற்றிய பிறகும் பேண்ட் கணக்குக்குக் கொஞ்சம் மேலேயே நின்றால் திகைக்கவேண்டாம்.

பூச்சிச் செல்லில் செய்த புரதமானால் சர்க்கரை குட்டையாக இருக்கும், பேண்ட் கொஞ்சம் கீழேயும் கூர்மையாகவும் வரும். அதே ஜி-இ, மூன்று வகைச் செல்லில் செய்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் மூன்று உயரத்தில் நிற்கும். மூன்றும் சரிதான்.

சர்க்கரையே இல்லாத புரதமும் மேலே நிற்கலாம். ஐஇ63 என்ற ஒழுங்குபடுத்தும் புரதம் 278 அமினோ அமிலம், கணக்குக்கு 30 கிலோடால்டன் சொச்சம். ஜெல்லில் 45 அருகில் ஓடுவது அதன் வழக்கம். அமிலத்தன்மை மிகுந்த பகுதிகளும் பாஸ்பேட் ஏற்றமும் சேர்ந்து செய்கிற வேலை. ஐஇ62வும் அப்படித்தான், கணக்கு 140, ஓடுவது 175 அருகில்.

அறிகுறி: ஒரு பேண்ட் வரவேண்டிய இடத்தில் இரண்டு, அல்லது ஒரு ஏணியே

ஜி-பி-யாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுங்கள். பாலூட்டிச் செல்லில் ஃபியூரின் என்ற நொதி அதை நடுவில் வெட்டுகிறது. வெட்டிய இரண்டு துண்டையும் டைசல்ஃபைடுப் பிணைப்பு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் போட்ட மாதிரியில் 60–70 கிலோடால்டன் பகுதியில் இரண்டு பேண்ட், போடாத மாதிரியில் மேலே ஒன்று. இந்த இரண்டு லேனையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் ஐந்து நிமிட யோசனையில் விடை வந்துவிடும். ஈ.கோலையில் செய்த ஜி-பி-யில் இது நடக்காது, அங்கே ஃபியூரின் இல்லை. மாதிரியைச் சூடாக்காமல் ஏற்றியிருந்தால் மூன்று மூன்றாகச் சேர்ந்த வடிவமும் மேலே தெரியலாம். கொதிக்கவைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஐஇ62 போல 1310 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தில் ஏணி வந்தால் அது நிஜமான சிதைவாகவோ, பாதியில் நின்ற உற்பத்தியாகவோ இருக்கலாம். டேகை (புரதத்தைப் பிடித்தெடுக்க ஒட்டும் சின்ன அடையாளத் துண்டு) வால்முனையில் வைத்துக் குளோன் செய்தால், பாதியில் நின்ற துண்டுகளைச் சுத்திகரிப்புக் காலமே (column, டேகைப் பிடிக்கும் வடிகுழாய்) கழித்துவிடும். டேக் தலைமுனையில் இருந்தால் அத்தனை அரைகுறையும் கூடவே வரும்.

அறிகுறி: புரதம் முழுக்க வண்டலில் இறங்கிவிடுகிறது

ஈ.கோலையில் ஜி-இ-யின் வெளிப்பகுதியை எழுதச் சொன்னால் அது பெரும்பாலும் கட்டிதட்டி இன்க்ளூஷன் பாடியாகத்தான் கிடைக்கும். டைசல்ஃபைடுப் பிணைப்பு தேவைப்படுகிற புரதம் அது; பாக்டீரியாவின் உட்புறமோ அந்தப் பிணைப்பு உருவாகவே விடாத சூழல். 18 டிகிரியில் இரவு முழுக்க வளர்ப்பது, ஐபிடிஜி-யை (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்) குறைப்பது, எம்பிபி அல்லது சுமோ போல ஒரு கரையும் துணைப்புரதத்தை ஒட்டுவது எல்லாம் கொஞ்சம் உதவும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: சிக்னல் பெப்டைடையும் சவ்வுப் பகுதியையும் வெட்டினீர்களா? முழு 623ஐயும் பாக்டீரியாவில் திணித்துவிட்டு வெப்பநிலையோடு விளையாடுவது வீண். முதல் 30 அமினோ அமிலம் சிக்னல். 546க்கு அப்புறம் சவ்வும் வாலும். நடுவே உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கோ (ஜெல் பேண்டை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை), முயலில் ஆன்டிபாடி எடுக்கவோ மட்டும் வேண்டுமானால் கரையாததைக் கரையவைக்கப் போராடவே வேண்டாம். 8 மோலார் யூரியாவில் கரைத்து, அந்த நிலையிலேயே நிக்கல் காலத்தில் சுத்தம் செய்துகொள்ளுங்கள். யூரியாக் கரைசலை அன்றன்று தயாரியுங்கள், சூடாக்காதீர்கள். பழைய யூரியா புரதத்தின் லைசினில் போய் ஒட்டிக்கொண்டு அதன் மின்னூட்டத்தையே மாற்றிவிடும். யூரியாவுக்குப் பதில் குவானிடின் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை நேராக ஜெல் மாதிரி பஃபரில் கலந்தால் எஸ்டிஎஸ் தயிர்போலத் திரிந்துவிடும். 'என் புரதம் ட்யூபிலேயே உறைந்துவிட்டது' என்று வருகிற கேள்விகளில் பாதி இதுதான்.

எலைசாவில் நோயாளிகளின் சீரத்தைச் சோதிக்கவேண்டும் என்றால் என் கருத்து கறார்: பாலூட்டிச் செல்லுக்குப் போங்கள். மனித உடல் இந்தப் புரதத்தை மடிந்த வடிவில், சர்க்கரையோடு பார்த்து ஆன்டிபாடி செய்திருக்கிறது. பாக்டீரியாப் புரதத்தை மறுபடி மடிக்க முயன்று தொலைந்த மாதங்களுக்குச் சிஎச்ஓ, எச்இகே (மனிதக் கருச் சிறுநீரகம்) செல்களின் செலவு மலிவு.

ஜி-எச் தனிக் கேஸ். பாலூட்டிச் செல்லில் செய்தும் வெளியே வரவில்லை என்றால் நீங்கள் அதைத் துணையில்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள். ஜி-எல் கூட இல்லாவிட்டால் ஜி-எச் முதிர்ச்சியடையாமல் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டின் பிளாஸ்மிடையும் (மரபணுவைத் தாங்கிச் செல்லும் டிஎன்ஏ வளையம்) ஒன்றாகப் போடுங்கள். 2015இல் இதன் படிக வடிவத்தைக் கண்டறிந்தவர்களும் ஜோடியாகத்தான் செய்தார்கள்.

வெளியே வந்த புரதம் நிக்கல் காலத்தில் ஒட்டாவிட்டால் காலத்தின் நிறத்தைப் பாருங்கள். நீலம் வெளுத்திருந்தால் பஃபரிலோ செல் மீடியத்திலோ ஈடிடிஏ போன்ற ஒன்று நிக்கலை உரித்திருக்கிறது. பழுப்பானால் டைசல்ஃபைடை உடைக்கும் டிடிடி கலந்திருக்கிறது. பூச்சிச் செல் மீடியம் இந்த உரிப்பு வேலையில் பேர்போனது. பஃபரை மாற்றிவிட்டுக் காலத்தில் ஏற்றுங்கள்.

அறிகுறி: நெகட்டிவ் சீரமும் மஞ்சளாகிறது

தலைப்பு வைத்ததே இதற்காகத்தான். அதிகம் பேரை அழவைப்பதும் இதுவே.

முதலில் பிளேட்டை ஒரு பார்வை பாருங்கள். எல்லாச் சீரமும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குத் தூக்கியிருக்கிறதா, சில சீரங்கள் மட்டுமா? இந்த ஒரு பிரிவிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடும்.

எல்லாமே ஒரே மாதிரி தூக்கியிருந்தால்: சீரமே போடாமல் இரண்டாம் ஆன்டிபாடி (சீர ஆன்டிபாடியைத் தேடி ஒட்டி நிறம் தருவது) மட்டும் போட்ட குழியைப் பாருங்கள். அதுவும் மஞ்சள் என்றால் கோளாறு இரண்டாம் ஆன்டிபாடியில், அல்லது கழுவலில். அது சுத்தமாக இருந்து, சீரம் போட்ட குழி மட்டும் எரிந்தால், ஜி-இ தன் குணத்தைக் காட்டுகிறது. ஜி-இ மனித ஐஜிஜி ஆன்டிபாடியின் வால்பகுதியை, அதாவது எஃப்சி பகுதியைப் பிடிக்கும். ஜி-ஐ கூடச் சேர்ந்தால் பிடி இன்னும் இறுகும். உடலில் இது வைரஸுக்கு ஆதாயம்: தன்னைத் தாக்க வந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துவைத்தால் அந்த வால் செய்யவேண்டிய வேலை நடக்காது. உங்கள் பிளேட்டில் இதன் விளைவு, எந்த மனிதச் சீரமாக இருந்தாலும் கொஞ்சம் ஒட்டும். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 10 மில்லிகிராம் அளவுக்கு ஐஜிஜி இருக்கும்போது 'கொஞ்சம்' என்பது கொஞ்சமாக இருக்காது. எந்தத் துண்டு, எந்தச் செல் என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும். ஆகவே ஊகிக்காதீர்கள், சோதியுங்கள்.

சோதனை எளிது. இந்த வைரஸுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு மனித ஐஜிஜி வேண்டும். நான் பயன்படுத்துவது மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப். அதன் தலை ஹெர்2 என்ற வேறொரு புரதத்தை மட்டும் தேடும். வால் சாதாரண மனித ஐஜிஜி1. ஜி-இ பூசிய குழியில் இது ஒட்டினால் வாலால்தான் ஒட்டியிருக்கிறது. வேறு விளக்கம் தேடவேண்டாம்.

தீர்வு என்று பார்த்தால், சீர ஐஜிஜி-யைப் பெப்சினால் வெட்டி வாலை நீக்கிய எஃப்ஏபி-2 துண்டாகப் பயன்படுத்துவது சுத்தமான வழி. ஆனால் வாலை வெட்டிவிட்டு, வாலைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டுவிட்டு 'சிக்னலே இல்லை' என்று உட்காரக்கூடாது. கப்பா, லாம்டா இலகு சங்கிலிகளைத் தேடும் ஆன்டிபாடிகள் வேண்டும். சுத்தமான எஃப்சி துண்டை முன்கூட்டியே ஊற்றி அடைத்துவிடலாம் என்று புத்தியாகத் தோன்றும். அங்கேயும் அதே கண்ணி: எஃப்சியைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடி நீங்கள் ஊற்றிய அடைப்பையே எண்ணிக்கொடுக்கும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். பிளேட் முழுக்க மாம்பழ மஞ்சள்.

சில சீரங்கள் மட்டும் தூக்கினால்: ஈ.கோலைப் புரதமா? மனிதக் குடலில் ஈ.கோலை குடியிருக்கிறது, அதற்கெதிரான ஆன்டிபாடி எல்லோரிடமும் ஏற்றத்தாழ்வாக உண்டு. உங்கள் புரதத்தில் இரண்டு சதவீதம் பாக்டீரியா அழுக்கு இருந்தாலும் சிலர் சீரம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதே பாக்டீரியா, அதே டேக், ஆனால் வேறொரு புரதம். அதை இணையாகப் பூசிய குழிகள் வேண்டும். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) மட்டும் பூசிய குழி இதைக் காட்டிக்கொடுக்காது. சீரம் கரைக்கும் பஃபரில் ஈ.கோலைச் சாற்றைக் கொஞ்சம் சேர்த்து அரைமணி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜி-பி பூசியிருந்தால் இன்னொரு சந்தேகம்: உதட்டோரக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். இந்தக் குடும்பத்தில் மிகக் குறைவாக மாறிய புரதங்களில் ஜி-பி ஒன்று; இரண்டு வைரஸின் ஜி-பி வரிசையிலும் ஏறத்தாழ பாதி ஒன்றே. சிம்ப்ளெக்ஸுக்கு எதிரான ஆன்டிபாடி இதில் தாராளமாக வந்து ஒட்டும். சீரத்தைச் சிம்ப்ளெக்ஸ் ஜி-பி-யோடு முன்கூட்டி ஊறவைத்துச் சிக்னல் விழுகிறதா என்று பாருங்கள். தொற்று இருந்ததா இல்லையா என்று மட்டும் அறியவேண்டுமானால் ஜி-பி-யை விட்டுவிட்டு ஜி-இ-க்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சாத்தியம் மிச்சம் இருக்கிறது: உங்கள் நெகட்டிவ் நெகட்டிவே இல்லை. குளிர்நாடுகளில் இது பெரிய தலைவலி, அங்கே தடுப்பூசி வருவதற்கு முன் சிறுவயதிலேயே ஏறக்குறைய எல்லோருக்கும் சின்னம்மை வந்துவிட்டது. வெப்பநாடுகளில் தொற்று வயது தள்ளிப்போவதால், நம் ஊரில் சின்னம்மை வராத பெரியவர்களைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் எளிது. ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் தேவை. 'அம்மை வந்ததா?' என்றால் தட்டம்மைக்கும் ஆம், அம்மைக்கட்டுக்கும் ஆம். ஒருவர் 'சின்னம்மை வந்ததே இல்லை' என்று கையெழுத்திட்டுக் கொடுத்த சீரம் எங்களிடம் ஒவ்வொரு முறையும் உச்சத்தில் நின்றது. புரதத்தை இரண்டு தரம் மாற்றினோம். கடைசியில் அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, 'முதுகில் அக்கி வந்தது, ஊரில் குயவர் வீட்டில் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தேன்' என்றார். அக்கி நிஜமாக ஸோஸ்டர் என்றால் வைரஸ் உள்ளே ஏற்கெனவே இருந்திருக்கிறது. சிறுவயதுச் சின்னம்மை லேசாக வந்து யார் நினைவிலும் இல்லாமல் போயிருக்கிறது. ஊர் வழக்கில் வேறு கொப்புளங்களையும் அக்கி என்பார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் படிவத்தில் இப்போது இரண்டு கேள்வியும் தனித்தனியாக இருக்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் சீரமும் நெகட்டிவுக்கு உதவாது, தாயின் ஆன்டிபாடி அதில் இருக்கலாம்.

அறிகுறி: பாசிட்டிவ் என்று தெரிந்த சீரம் மங்கலாக இருக்கிறது

குப்பியின் நான்காவது கேள்விக்குத் திரும்புங்கள்: உள்ளே வேறு என்ன? உலர்த்தி அனுப்பும் பல புரதங்களில் தாங்கியாக பிஎஸ்ஏ சேர்த்திருப்பார்கள், ஜி-இ-யைவிடப் பல மடங்கு. அதைப் பிளேட்டில் பூசினால் பிளேட் பிஎஸ்ஏ பூசிக்கொள்ளும், ஜி-இ-க்கு இடம் இருக்காது. தாங்கியில்லாத குப்பி கேட்டு வாங்குங்கள். டுவீன், டிரைட்டான் போன்ற சோப்புப் பொருள் இருந்தாலும் பூச்சு ஒட்டாது.

பூச்சு ஒட்டியதா என்று பார்க்க, டேகைத் தேடும் ஆன்டிபாடியைப் போடுங்கள். டேக் பளிச்சென்று தெரிந்து, சீரம் மட்டும் மங்கல் என்றால் புரதம் இருக்கிறது, வடிவம் இல்லை. 9.6 பிஎச் கார்பனேட்டுக்குப் பதில் 7.4 பிஎச் பிபிஎஸ் உப்புக் கரைசலில் பூசிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் புரதத்தை நேராக ஒட்டாமல், டேக் ஆன்டிபாடியை முதலில் பூசி அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யலாம். பிளாஸ்டிக் பரப்பில் நசுங்குவது குறையும்.

சீரம் யாருடையது என்பதும் முக்கியம். சின்னம்மைத் தடுப்பூசி மட்டும் போட்டவர்களின் ஆன்டிபாடி அளவு, நோய் வந்தவர்களைவிடப் பொதுவாகக் குறைவு. சாதாரண எலைசாவில் அவர்களில் சிலர் நழுவிவிடுவார்கள். அதனால்தான் உயிருள்ள தொற்றிய செல்லின் மேற்பரப்பில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஃபாமா சோதனை இன்னமும் அளவுகோலாக மதிக்கப்படுகிறது. ஷிங்ரிக்ஸ் போட்டவர்களிடம் ஜி-இ எகிறியிருக்கும். அந்த ஊசி ஜி-பி-யையோ ஜி-எச்-சையோ தொட்டதே இல்லை. இரண்டு புரதமும் ஒன்றாக ஏறும் என்று எதிர்பார்த்துப் பிளேட்டைக் குறைசொன்னால் தவறு நம்முடையது.

அறிகுறி: டி-செல் சோதனையில் எல்லோருமே பதில் தருகிறார்கள்

ஈ.கோலைப் புரதம் என்றால் எண்டோடாக்சினை முதலில் பிடியுங்கள். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள் அது. மிகச் சிறிய அளவே ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகளை உசுப்பிவிடப் போதும், அவை மற்றச் செல்களையும் உசுப்பும். எலிஸ்பாட் தட்டு (பதில் தரும் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும் சோதனை) நெகட்டிவ் ஆள், பாசிட்டிவ் ஆள் என்று பாராமல் புள்ளியாகப் பூக்கும். எல்ஏஎல் சோதனையால் அளந்து, டிரைட்டான் எக்ஸ்-114 கொண்டு நீக்கலாம்: குளிரில் கலக்கும், 37 டிகிரியில் தனியாகப் பிரியும், பிரியும்போது எண்டோடாக்சினையும் அடியில் இழுத்துப்போகும்.

புரதத்தைக் கொதிக்கவைத்தும் பதில் வந்தால் எண்டோடாக்சின் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஆன்டிபாடிச் சோதனைக்கு ஓரளவு சரி; டி-செல்லுக்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டி-செல் பார்ப்பது நறுக்கிய பெப்டைடு, கொதித்த புரதமும் நறுக்கப்பட்டு அப்படியேதான் முன்வைக்கப்படும். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின்-பி சேர்த்து ஒரு குழி, சேர்க்காமல் ஒரு குழி என்று ஒப்பிடுவதே நம்பகமானது.

மாறாக யாருமே பதில் தரவில்லை என்றால், எந்த டி-செல்லைத் தேடுகிறீர்கள் என்று யோசியுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் முழுப் புரதம் பெரும்பாலும் சிடி4 (உதவி) டி-செல்களுக்குத்தான் போய்ச்சேரும். சிடி8 (கொல்லி) டி-செல் வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று படியும் பெப்டைடுத் தொகுப்பு தேவை. 15 அமினோ அமில நீளத்தில் நான்கு நான்காக நகர்ந்தால் முழு ஜி-இ-க்கு 153 பெப்டைடு. பெப்டைடைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ அளவு ஏறி செல்களைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸை அறிந்த டி-செல்கள் ரத்தத்தில் எண்ணிக்கையில் சொற்பம், ஆகவே குழிக்குச் செல் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அறிகுறி: போன மாதம் வேலை செய்தது, இப்போது இல்லை

எத்தனை முறை உருக்கி உறையவைத்தீர்கள்? வந்த அன்றே சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாக நீர்த்து வைத்தால் புரதம் ட்யூப் சுவரிலேயே ஒட்டிக் காணாமல்போகும். புரதம் ஒட்டாத ட்யூப் வாங்குங்கள். ஜி-பி-யின் முனையில் கொழுப்பை நாடும் வளையங்கள் உண்டு, அவை ஒன்றையொன்று பிடித்துத் திரளாகிவிடும். உருக்கிய பிறகு அதிவேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்ததில் எவ்வளவு புரதம் மிச்சம் என்று அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

குப்பி புதிது, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் வேறு என்றால் சர்க்கரை மாறியிருக்கலாம், சுத்தம் மாறியிருக்கலாம், சில நேரம் விற்பவர் செல்லையே மாற்றியிருப்பார். பழைய லாட்டில் நாலு பங்கை எடுத்து ஒதுக்கிவைத்திருந்தால், இரண்டையும் ஒரே பிளேட்டில், ஒரே மூன்று சீரத்தில், ஒரே நாளில் ஓட்டிவிடலாம். எங்கள் ஃப்ரீசரில் அந்த ஒதுக்கிய பெட்டியின்மேல் சிவப்பு மார்க்கரில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது. போன வாரம் யாரோ தொட்டிருக்கிறார்கள்.